ஒன்பது மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் கண்ணீர்

2018ஆம் ஆண்டு மார்ச் 14, புதன்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். வெப்பம் மூன்று பாகை. மெர்குரேனி நகரின்மீது மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தன; இரண்டில் எதுவென்று வானிலை நிலையமும் முடிவு செய்யாமல் விட்டிருந்தது. நகராட்சி மாளிகையின் மூன்றாம் எண் சாளரத்துக்கு முன்னால் செவெர் ஹோசு நின்றிருந்தார். அவர் கையில் ஒரு விண்ணப்பமும் காலருகில் ஒரு நீல வாளியும் இருந்தன. விண்ணப்பம் அவருடையது. வாளி நகராட்சியினுடையது. அதன் பக்கவாட்டில் வெள்ளைச் சாயத்தால் உடைமை எண் எழுதப்பட்டிருந்தது. உட்கூரையிலிருந்து நான்கு வினாடிக்கு ஒரு சொட்டு, தவறாமல், அதற்குள் விழுந்தது.

செவெர் இரண்டாம் தடப் பேருந்தின் ஓட்டுநர். முப்பத்தொரு ஆண்டுப் பணியில் ஒருமுறையேனும் மஞ்சள் விளக்கைத் தாண்டியவர் அல்லர். அவருக்கு நேர்ந்த அனைத்துக்கும் அதுவே காரணம். வேறொருவராக இருந்தால் மனுக்கொடுக்கவே வந்திருக்க மாட்டார்.

செய்தி சிறியது. கொஜோகாரிலோர் தெருவில் பதினோராம் எண் வீடு அவருடையது, ஓட்டுக்கூரை. கூரையின் தெருப்பக்க விளிம்பில், கடைசி வரிசை ஓட்டின் அடியில், நீளவாக்கில் ஒரு தகடு பதிந்திருந்தது. போன குளிர்காலத்தில் அது துருப்பிடித்து, ஒரு காற்றில் தெருவில் விழுந்தது. தகடு இருந்தவரையில் மழைநீர் அதன் வளைந்த உதட்டுக்கு வந்து, சற்றே தயங்கி, சுவரைத் தொடாமல் கீழே சொட்டியது. தகடு போனபின் அதே நீர் விளிம்பைச் சுற்றிக்கொண்டு பின்னோக்கித் திரும்பியது, பலகைக்கு அடியில் ஊர்ந்தது, கைமரங்களின் நுனியை நனைத்தது, சுவருக்குள் இறங்கியது. சுவருக்கு மறுபக்கம் இருந்தது தெருப்பக்க அறை. அக்டோபரில் மகள் இலிங்கா பிறக்கப்போகும் குழந்தையோடு அந்த அறையில் தங்குவதாக ஏற்பாடு. அறையில் இப்போது தங்கியிருந்தது பூஞ்சணம்.

தகரவேலைக்குப் பேர்பெற்ற புர்ச்சா காபோர் வந்து பார்த்தார். அகன்ற கறுப்புத் தொப்பியைக் கழற்றாமலே ஏணியில் ஏறினார், அளந்தார், இறங்கினார்.

"ஒன்பது மீட்டர் நாப்பது. துத்தநாகத் தகடு. காலையிலே ஏணியைச் சாத்தினா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி இறங்கிடுவேன், செவெர் அண்ணே."

"அனுமதி?"

புர்ச்சா மீசையைத் தடவிக்கொண்டார். "மழை உங்க வீட்டுக்குள்ளே வர்றதுக்கு யார்கிட்டே அனுமதி வாங்குச்சு?"

"இது பாதுகாக்கப்பட்ட தெரு, புர்ச்சா. எதிர்வீட்டுக்காரர் தபால்பெட்டி மாட்டினதுக்கே கழட்ட வெச்சாங்க."

"அப்போ நான் அடுத்த வருஷம் வரேன்" என்றார் புர்ச்சா. அதை அவர் கிண்டலாகத்தான் சொன்னார்.

இனி ஒரு சொல்லைப்பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பகுதியில் கூரைவிளிம்புத் தகட்டுக்கு லக்ரிமார் என்று பெயர். கண்ணீர்வடி என்று பொருள். நீரைச் சொட்டுச்சொட்டாக விடுவதால் வந்த பெயர். கொத்தனாருக்கும் தகரவேலைக்காரருக்கும் அச்சொல்லில் எவ்விதச் சோகமும் தெரியாது. ஆணி என்பதுபோல் அதுவும் ஒரு சொல். செவெர் தம் விண்ணப்பத்தில், தெளிவான கையெழுத்தில், அதையே எழுதியிருந்தார்.

சாளரத்துக்குப் பின்னால் திருமதி ஆஸ்பாசியா முரேஷான் அமர்ந்திருந்தார். பத்தொன்பது ஆண்டுகளாக அவர் அமர்ந்தே இருந்தார்; அவர் எழுந்து நின்றதைக் கண்டவர் எவருமில்லை.

"கோப்பு எங்கே?"

"இதோ விண்ணப்பம், அம்மா."

"இது காகிதம், ஐயா. நான் கேக்கிறது தண்டவாளக் கோப்பு. நடுவிலே தகடு ஓடுமே, அது. தகடு இல்லேன்னா காகிதம் நழுவிடும். நழுவினா யாரு பொறுப்பு?"

தெருவின் எதிர்ப்புறமிருந்த கடையில் இரண்டு பொருள்கள் மட்டுமே விற்றன: எள் தூவிய ரொட்டி வளையம், தண்டவாளக் கோப்பு. செவெர் ஒரு கோப்போடு திரும்பினார். காகிதம் நழுவாதிருக்கத் தகடு கட்டாயம். வீடு நழுவாதிருக்கத் தகட்டுக்கு அனுமதி வேண்டும். இந்த வேறுபாட்டைச் செவெர் குறைகூறவில்லை. விதி என்பது விதி.

திருமதி ஆஸ்பாசியா விண்ணப்பத்தை உரக்கப் படித்தார். "ஒன்பது மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் கண்ணீர்வடி அமைக்க…" நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். குரல் தணிந்தது. "யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகலே அம்மா. இது கூரைக்கு."

"ஒன்பது மீட்டர் கண்ணீருங்கிறீங்க, யாரும் போகலேங்கிறீங்க."

"அது ஒரு தகடு."

"பட்டியல்லே பாக்கிறேன்." அவர் கணிப்பொறித் திரையை நெருங்கிப் படித்தார். "கடைமுகப்பு இருக்கு. கம்பம் இருக்கு. கழிவுநீர் இருக்கு. கண்ணீர்வடி இல்லே."

"தகடுன்னு போடுங்களேன்."

"தகடுன்னா வாகன எண் தகடு. அது போக்குவரத்துப் பிரிவு. வீட்டுக்கு நம்பர் பிளேட்டா மாட்டப்போறீங்க? எங்கே ஓட்டிட்டுப் போகப்போறீங்க?" அவர் வேறொன்றைத் தட்டினார். "இதோ. 'கண்ணீர், காண்க: துக்கம்.'" மறுபடியும் தட்டினார். "'துக்கம், காண்க: கல்லறைகள் மற்றும் நினைவுச்சின்னங்கள் பிரிவு.' கிடைச்சிடுச்சு!"

"அம்மா, இது கல்லறை இல்லே, வீடு."

"இப்போதைக்கு இதுலே போடறேன். அப்புறம் திருத்திக்கலாம். கவலைப்படாதீங்க, பதிவு ஆயிட்டாப் போதும், அதுக்கப்புறம் கோப்பு தானா நடக்கும்."

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. செவெர் அண்ணாந்து பார்த்தார்.

"உங்க கூரையிலேயும் கண்ணீர்வடி போயிடுச்சு போலிருக்கே."

"எங்க விண்ணப்பம் 2011லேர்ந்து நிலுவையிலே இருக்கு, ஐயா" என்றார் திருமதி ஆஸ்பாசியா. அதில் வருத்தமில்லை, சட்டம் எல்லோருக்கும் ஒன்றே என்ற பெருமிதம் இருந்தது.

அவருக்கு ஒரு சீட்டு கிடைத்தது. "கோப்பு எண் 2207. பெறப்பட்டது." யாரால் என்று அதில் இல்லை. நகராட்சியின் வாக்கியங்களுக்கு எழுவாய் கிடையாது. அங்கே எதுவும் பெறப்படும், அனுப்பப்படும், பரிசீலிக்கப்படும்; பெறுபவரோ அனுப்புபவரோ பரிசீலிப்பவரோ எந்த வாக்கியத்திலும் தலைகாட்டுவதில்லை. செயப்பாட்டுவினை ஒரு கட்டடமாக எழும்பியிருந்தால் அது அந்த மாளிகைதான். அது ஒழுகியது என்பதைமட்டும் செய்வினையில்தான் சொல்ல முடியும்.

ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது. "மரித்தவரின் இறப்புச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை."

லீவியா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கணவரின் முன்னால் வைத்தாள். "மனுஷா, நீ அங்கே போய் என்ன சொல்லித் தொலைச்சே?"

"தகடுன்னுதான் சொன்னேன்."

"இவங்க பொணம் கேக்கிறாங்களே!"

கல்லறைப் பிரிவு மாளிகையின் நிலவறையில் இருந்தது. தலைவர் திரு. தோகாரு எல்லா நாளும் கறுப்புக் கழுத்துப்பட்டி அணிபவர். சூரியகாந்தி விதைகளைக் கொறித்து, தோலை ஓர் உறைக்குள் ஒழுங்காகப் போடுபவர். செவெரைக் கண்டதும் எழுந்து அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"ஆண்டவர் அவரை மன்னிப்பாராக."

அந்த ஊரில் இறந்தவரைப்பற்றிப் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது இது. சொல்லாவிட்டால் மரியாதை இல்லை.

"யாரை ஐயா? என் வீட்டிலே யாரும் சாகலே."

"இன்னிக்குத் தேதிக்கு."

"ஆமா, இன்னிக்குத் தேதிக்கு."

"அதைத்தான் எழுத்திலே கேக்கிறோம்."

சாகவில்லை என்பதற்குச் சான்றிதழ் கேட்டு செவெர் பதிவாளரிடம் போனார். நடக்காத நிகழ்ச்சிக்குச் சான்றிதழ் தரத் தொடங்கினால் அதற்கு முடிவே இருக்காது என்றார் பதிவாளர். அது நியாயமாகவும் பட்டது. பதிலாக, செவெர் உயிரோடிருப்பதாக ஒன்றும் லீவியா உயிரோடிருப்பதாக ஒன்றும் இரண்டு சான்றிதழ்கள் கொடுத்தார். திரு. தோகாரு அவற்றை விளக்கடியில் பிடித்து முத்திரையைச் சோதித்தார்.

"சரி. நீங்க உயிரோட இருக்கீங்க. உங்க வீட்டம்மா உயிரோட இருக்காங்க." விதையொன்றைக் கடித்தார். "அப்போ செத்தது மூணாவது ஆள்."

"மூணாவது ஆளே கிடையாது, ஐயா!"

"அதான் சொல்றேன், இப்போ கிடையாது." அவர் குரலில் பரிவு நிறைந்திருந்தது. "பாருங்க ஐயா, இந்த நாற்காலியிலே இருபது வருஷமா இருக்கேன். ஆரம்பத்திலே எல்லாரும் இப்படித்தான், நம்ப மாட்டாங்க. சாவை ஏத்துக்கிறதுக்குக் காலம் பிடிக்கும். எங்க பிரிவு யாரையும் அவசரப்படுத்தாது. ஒரு தடவை ஒருத்தர் சமாதிக்கு விண்ணப்பம் போட்டார், நாங்க அனுமதி கொடுக்கிறதுக்குள்ளே அவரே அதுக்குத் தகுதியாயிட்டார். பொறுமைன்னா அதுதான்."

தெரு பாதுகாக்கப்பட்டது என்பதால் கோப்பு 2207 மாவட்ட மரபுக் குழுவுக்கும் அனுப்பப்பட்டது. ஜூன் 20 அன்று குழு நேரில் பார்வையிட வந்தது. குழுவின் தலைவர் பேராசிரியர் யூலியான் ப்ராதேஸ்கு. இரண்டு உறுப்பினர்கள் அவருக்குக் குடையும் கைப்பையும் பிடித்தனர். வெப்பம் முப்பத்தொரு பாகை. மூன்று வாரமாக மழை இல்லை. பேராசிரியர் கூரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியாகச் செவெரைப் பார்த்தார்.

"தண்ணீர் எங்கே?"

"மழை பெஞ்சா வரும், ஐயா."

"நீர் காணப்படவில்லை" என்று உறுப்பினர் எழுதினார்.

"மழை நாளிலே வந்து பாருங்களேன்."

பேராசிரியர் புன்னகைத்தார். "மழை நாளில் களப்பணி கிடையாது. பணியாளர் பாதுகாப்பு விதி, ஒன்பதாம் பிரிவு. வழுக்கும்."

ஆகவே குழுவால் ஒழுகலை மழையில் பார்க்க முடியாது. வெயிலில் பார்க்க ஒழுகல் இல்லை. செவெர் இதை வீட்டுக்குப் போய் லீவியாவிடம் விளக்கினார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டு ஊத்தச் சொல்லு" என்றாள். அது வயிற்றெரிச்சலில் சொன்ன பேச்சு. செவெரோ அதை ஒரு வழிமுறையாக எடுத்துக்கொண்டு, மனு எழுதினார். குழு, வரலாற்றில் முதன்முறையாக, உடனே ஒப்புக்கொண்டது.

ஜூலை 11, வெயில். தெருவில் சிவப்பு வண்டி வந்து நின்றது. பேராசிரியர் குடையின்கீழ் நாற்காலியில் அமர்ந்தார். தீயணைப்பாளர் மூவர் குழாயைப் பிடித்தனர். தண்ணீர் கூரையில் மோதியது. ஓடுகள் நான்கு பறந்தன. மிச்சமுள்ள நீர் விளிம்பைச் சுற்றித் திரும்பிப் பலகைக்கு அடியில் ஊர்ந்து, எல்லோரும் பார்க்கச் சுவரில் இறங்கியது. உள்ளே லீவியா வாளிகளோடு ஓடுவது சன்னல் வழியே தெரிந்தது.

"பாத்தீங்களா ஐயா! இதுதான்!" என்றார் செவெர். மகிழ்ச்சியோடு சுவரைச் சுட்டிக்காட்டினார்.

பேராசிரியர் வெகுநேரம் பார்த்தார். "இந்த நீர் தீயணைப்புத் துறையுடையது" என்றார். "மழையுடையது அன்று. ஆகவே சான்றாகாது." பிறகு அவர் எழுந்து, சுவரை நெருங்கி, ஈரம் படிந்து பழுப்பேறிய இடத்தில் விரல் நுனியை வைத்தார். முகம் மாறியது. திரும்பி, உறுப்பினர் இருவரையும் தீயணைப்பாளர் மூவரையும் நோக்கிப் பேசினார்:

"நண்பர்களே, படிக்காதவன் இதை ஈரம்னு சொல்லுவான். கறைன்னு சொல்லுவான். நாங்க இதை ஓர் அடுக்குன்னு சொல்லுவோம். இந்தச் சுவர் காலத்தோட பேசுது. இதன்மேலே ஒரு தகடு வெச்சா, பேச்சு நின்னுபோகும். நான் இருபத்தெட்டு வருஷமா இந்த மாவட்டத்தோட மரபைக் காப்பாத்திட்டு வரேன். நான் காப்பாத்தின கட்டடங்கள் நாப்பத்தொண்ணு. அதிலே முப்பத்தாறு இன்னிக்கு இல்லே. ஆனா, இந்த இடத்திலே ஒரு விஷயத்தை அழுத்தமாச் சொல்ல விரும்பறேன், அந்த முப்பத்தாறுலே ஒண்ணுலேகூட ஒரு புது ஆணி கிடையாது!"

உறுப்பினர் இருவரும் கைதட்டினர். தீயணைப்பாளர் ஒருவரும் தட்டினார். அவர் கையிலிருந்த குழாய் நழுவி இன்னோர் ஓட்டை உடைத்தது.

"ஐயா," என்றார் செவெர், "இந்தக் கறை போன குளிர்காலத்திலேதான் வந்துச்சு."

"எவ்வளவு இளமை!" என்றார் பேராசிரியர் உருகி. "இந்த வயசிலேதான் பாதுகாப்பு அதிகம் தேவை."

தீர்மானம் ஆகஸ்டில் வந்தது. கறை, பாதுகாக்கப்பட்ட கூறாக அறிவிக்கப்பட்டது. அதன் இயல்பான வளர்ச்சிக்கு இடையூறாகும் எந்தக் கட்டுமானமும் தெருமுகப்பில் தடை செய்யப்பட்டது. கறைக்குப் பக்கத்தில் ஒரு சிறு நீலப் பலகை அறையப்பட்டது, நான்கு புது ஆணிகளால்.

செப்டம்பர் தொடக்கத்தில் செவெர் தம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நிலவறைக்கு இறங்கினார். துணைக்குப் புர்ச்சாவும் வந்தார். நகராட்சிக் கூரையைப் பார்த்துக்கொண்டே வந்ததால் வாளியில் இடறினார்.

"திரும்ப வாங்க முடியாது" என்றார் திரு. தோகாரு. "துக்கத்தைத் திரும்ப வாங்கினவங்க உண்டா?"

"ஐயா, அடுத்த மாசம் என் பொண்ணு குழந்தையோட வர்றா. அந்த அறையிலே மூச்சுவிட முடியலே. பச்சைக் குழந்தை." செவெர் வாழ்நாளில் அலுவலகமொன்றில் குரலை உயர்த்தியதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை, அது தானாகவே உடைந்தது. "நான் என்னதான் செய்யணும்? அதையாவது சொல்லுங்க."

திரு. தோகாரு விதை கொறிப்பதை நிறுத்தினார். பரிவு அவருடைய தொழில்; அதில் அவர் போலியில்லை. "நினைவுச்சின்னத்துக்கு நான் அனுமதி கொடுக்கணும்னா மரித்தவர் வேணும். அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் வேணும்னா எல்லாரையும் போலத் துக்கச்சின்னம் கட்டிக்குங்க. பதினாலாம் விதி. துக்க வீட்டு முகப்பிலே கறுப்பு கட்டறதுக்கு யார் அனுமதியும் தேவையில்லே, மரபுக் குழுவோடதுகூட. அது கட்டுமானம் இல்லே, உணர்ச்சி."

புர்ச்சா தொப்பியைச் சற்றே பின்னால் தள்ளினார். "துணியாத்தான் இருக்கணுமா, ஐயா?"

திரு. தோகாரு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "'கறுப்பாக இருத்தல் வேண்டும்.' அவ்வளவுதான். பொருள் என்னன்னு இல்லே."

"நீளம்?"

"துக்கத்தின் அளவுக்கேற்ப."

"ஒன்பது மீட்டர் நாப்பது" என்றார் புர்ச்சா. "ரொம்பப் பெரிய துக்கம், ஐயா."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் ஏணியைச் சாத்தினார். கருஞ்சாயம் பூசிய துத்தநாகத் தகடுகள் ஐந்து. கடைசி வரிசை ஓடுகளைத் தூக்கி, பலகையின்மேல் தகட்டின் மேற்பகுதியைப் படியவைத்தார். கீழுதட்டை வெளிப்புறமாக வளைத்தார், நீர் திரும்பி நடக்க எண்ணினால் கால் வைக்க இடமில்லாதபடி. தகடும் தகடும் சேருமிடத்தில் மூன்று விரற்கடை மேலடுக்கு. ஆணிகளை ஓட்டின் நிழலுக்குள் அடித்தார். தீயணைப்புத் துறை பெயர்த்துப்போட்ட ஓடுகளையும் மாற்றினார். கீழே ஏணியைப் பிடித்திருந்த செவெர் தெருவின் இரு முனைகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"புர்ச்சா, இது ஏமாத்து வேலை இல்லையே?"

"அண்ணே, துக்கம் இருக்கா இல்லையா உங்களுக்கு?"

செவெர் யோசித்தார். "இருக்கு" என்றார்.

"அப்போ நேர்மையான வேலை. அந்த ஆணியை எடுங்க."

பதினொன்றே முக்காலுக்கு அவர் இறங்கினார்.

மதியம் பக்கத்து வீட்டு எமெரென்சியா அம்மாள், சாவு வீட்டுக்குச் செய்யும் கோதுமை இனிப்பான கொலிவாவை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தார். கதவைத் திறந்தவள் லீவியா.

"ஐயோ பாவம், செவெர்! தங்கமான மனுஷன்."

"உள்ளே தூங்கிட்டிருக்கார்."

"ஆமாம்மா, தூக்கம்தான், நித்திய தூக்கம்தான்" என்று அந்த அம்மாள் அழத் தொடங்கினார். சத்தம் கேட்டுச் செவெர் காலுறையோடு எழுந்து வந்தார். கொலிவாவைத் திருப்பி எடுத்துப்போவது வழக்கமில்லை; அவர்களே அதை மூன்று நாள் சாப்பிட்டனர்.

இரண்டாம் தடப் பேருந்தில் பயணிகள் ஏறும்போது ஒரு கணம் நின்று ஓட்டுநரை உற்றுப்பார்த்தனர். ஒரு கிழவர் இறங்கிவிட்டார். "உன்னைவிட என் பாடு தேவலை," என்றாள் லீவியா, "கசாப்புக் கடையிலே எனக்காக வரிசையையே விட்டுக்கொடுத்தாங்க. விதவைன்னு நல்ல எலும்பாப் பாத்துப் போட்டான். நான் ஒண்ணும் மறுத்துப் பேசலே."

செப்டம்பரில் பத்து நாள் மழை பெய்தது. கறுத்த உதட்டில் நீர் வந்து, தயங்கி, தெருவில் சொட்டியது. சுவர் காய்ந்தது. லீவியா பூஞ்சணத்தைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாள். அக்டோபர் 19 அன்று இலிங்கா, மாரா என்ற மூன்றே கால் கிலோ குழந்தையோடு, தெருப்பக்க அறைக்கு வந்து சேர்ந்தாள்.

நவம்பரில் கடிதம் வந்தது. "கொஜோகாரிலோர் தெரு 11இல் கட்டப்பட்டுள்ள துக்கச்சின்னம் நாற்பது நாள் எல்லையைக் கடந்துள்ளமை கண்டறியப்பட்டது. மரித்தவர் கண்டறியப்படவில்லை. டிசம்பர் 12 மாலை நான்கு மணிக்குள் நினைவுச்சின்ன அனுமதி காட்டப்படாவிடில் சின்னம் அகற்றப்படும்." பக்கத்தில் அகற்றுவோரின் பெயர் இல்லை, ஆனால் அகற்றப்பட்டே தீரும் என்பதில் செவெருக்கு ஐயமில்லை. கூரையின்மேல் அரை மீட்டர் பனி இருந்தது. தகடு போனால் அந்தப் பனி உருகி எங்கே போகும் என்பதை அவர் ஏற்கெனவே அறிவார். தொட்டில் அந்தச் சுவரோரம்தான் இருந்தது.

டிசம்பர் 12, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். பனிப்பொழிவு, இந்தமுறை ஐயத்துக்கிடமில்லை. மூன்றாம் எண் சாளரத்தருகே இப்போது வாளிகள் இரண்டு.

"உங்க அதிர்ஷ்டம், ஐயா!" என்றார் திருமதி ஆஸ்பாசியா. "கையெழுத்தாகி வந்திருக்கு. திரு. தோகாரு போட்டுட்டார். பேராசிரியரும் போட்டுட்டார், 'துக்கம் மரபுக்கு முரணன்று'ன்னு எழுதி. பாருங்க: 'நினைவுச்சின்னம், கண்ணீர்வடி, கறுப்பு, ஒன்பது மீட்டர் நாற்பது, நிரந்தரம்.'"

செவெர் கையை நீட்டினார். திருமதி ஆஸ்பாசியா அனுமதியைத் தம் பக்கமே வைத்துக்கொண்டார்.

"ஏழாவது கட்டம் காலியா இருக்கே. மரித்தவர் பெயர், பிறப்பு, இறப்பு, கடைசி முகவரி. அது இல்லாம கொடுக்க முடியாது."

"மரித்தவர் இல்லைன்னு ஒன்பது மாசமா சொல்றேனே, அம்மா."

"நாலு மணிக்கு சாளரம் மூடிடும். யாரையாவது எழுதுங்க. அது உங்க குடும்ப விஷயம், நாங்க தலையிட மாட்டோம்."

செவெர் பேனாவை வாங்கிக்கொண்டார். உயிரோடிருப்பவர் ஒருவரை எழுத அவருக்கு மனம் வரவில்லை. துர்தா ஊரிலிருக்கும் மைத்துனர் நினைவுக்கு வந்தார். பொய் எழுதலாகாது என்று விலக்கினார். கறையை எழுதலாமா என்று பார்த்தார். உண்மையிலேயே அது செத்துவிட்டிருந்தது. ஆனால் பாதுகாக்கப்பட்ட கூறு ஒன்றைக் கொன்றதாக ஒப்புக்கொள்வது குற்றம். கடிகாரம் மூன்று ஐம்பதைக் காட்டியது. வாளிகளில் சொட்டுகள் மாறிமாறி விழுந்தன. அவர் எதிரே, ஈரத்தில் ஊதிப்போய், ஓரங்கள் பூஞ்சணம் பூத்து, அட்டை வெளிறி, நடுத்தண்டவாளம் துருவேறிக் கிடந்தது அவர் வாங்கிக்கொடுத்த அதே தண்டவாளக் கோப்பு. அதை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, மார்ச் மாதத்தில் எழுதிய அதே தெளிவான கையெழுத்தில், ஏழாவது கட்டத்தை நிரப்பினார்:

"மரித்தவர்: கோப்பு எண் 2207. பிறப்பு: 14 மார்ச் 2018, காலை 8.40. இறப்பு: 12 டிசம்பர் 2018, பிற்பகல் 3.52. கடைசி முகவரி: நகராட்சி மாளிகை, சாளரம் 3."

திருமதி ஆஸ்பாசியா வாங்கிச் சரிபார்த்தார். பெயர் இருந்தது. பிறப்பு இருந்தது, அவருடைய சீட்டோடும் ஒத்துப்போயிற்று. இறப்பு பிறப்புக்குப் பின்னால் வந்தது. முகவரி நகர எல்லைக்குள் இருந்தது. பிழை எதுவுமில்லை. அவர் முத்திரை குத்தினார்.

அதன்பின், பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக, அவர் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். நெஞ்சில் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார்.

"ஆண்டவர் அவரை மன்னிப்பாராக" என்றார்.

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் எண் சாளரத்தில் அலுவல்முறையாக எழுவாயோடு பிறந்த முதல் வாக்கியம் அது. செவெர் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தார். திருமதி ஆஸ்பாசியா, நடுவில் விழுந்த ஒரு சொட்டைத் தவிர்த்து, கையெழுத்திட்ட அனுமதியை இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினார்.